பழைய வீட்டுல நடக்குற ஜூரி கண்காட்சிக்கு (நடுவர் குழு பாத்து தேர்வு பண்ற கண்காட்சி) நீங்க வரைஞ்ச படம் அனுப்பப் போறீங்களா?

மொதல்ல விதிமுறைய முழுசா படிங்க, அளவு, எடை, எத்தனை படம் அனுப்பலாம் எல்லாம் அதுலயே இருக்கும். ஜூரி பெரும்பாலும் மொதல்ல பாக்குறது உங்க படத்த இல்ல, அதோட போட்டோவ. அதனால ஃபிரேம்ல கண்ணாடி போடுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துருங்க, ஃப்ளாஷ் வேணவே வேணாம், ஜன்னல் பக்கம் வர்ற மெதுவான வெளிச்சம் போதும், கேமராவ படத்தோட நடுவுக்கு நேரா புடிங்க, கொஞ்சம் சாஞ்சாலும் ஓரம் கோணலாயிடும். அப்புறம் க்ராப் பண்ணுங்க (என் போட்டோ ஒண்ணுல செருப்பு நுனி தெரிஞ்சுது, அந்த வருஷம் ரிஜெக்ட்தான்).

பழைய சுண்ணாம்புச் சுவர்ல பொதுவா ஆணி அடிக்க விடமாட்டாங்க, சுவர் மேல ஓடுற மரச்சட்டத்துல கொக்கி மாட்டித்தான் தொங்கவிடுவாங்க. ஸோ ஃபிரேமுக்குப் பின்னாடி மேலேருந்து மூணுல ஒரு பங்கு எறக்கி ரெண்டு பக்கமும் டி-ரிங் (D வடிவ வளையம்) வச்சு கம்பி கட்டுங்க, நடுவுல புடிச்சு தூக்குனா கம்பி ஃபிரேமுக்கு மேல எட்டிப் பாக்கக்கூடாது. பல்லு பல்லா இருக்குற ஹேங்கர நிறைய இடத்துல வாங்கவே மாட்டாங்க.

வாட்டர்கலர்னா ஜன்னலுக்கு எதிர்ல வேணாம்னு முன்னாடியே சொல்லிருங்க, மியூசியத்துலயே சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) மங்கல் வெளிச்சத்துலதான் அத வைப்பாங்க. பெரிய படமா? தூக்கிட்டுப் போக முடியுமான்னு மாடிப்படி திருப்பத்த போய் அளந்துருங்க.

ரிஜெக்ட் ஆச்சுன்னா மனசு விட்டுறாதீங்க, 1863ல பாரிஸ்ல பிரெஞ்சு ஓவியர் மானே படத்தயே ஜூரி தள்ளிட்டாங்க. செலக்ட் ஆச்சுன்னா பின்னாடி பேரு, தலைப்பு, மீடியம் எழுதி ஒட்டுங்க, திருப்பி எடுக்குற தேதிய மறந்துறாதீங்க.