சோர்ந்து கிடக்குற ஃபைட்டர் மீனைத் தேத்துறது எப்படி

பெட்டா, அதாவது ஃபைட்டர் மீன், துடுப்ப ஒடுக்கிட்டு அடியிலயே கிடந்தா உடனே மருந்த ஊத்தாதீங்க, மொதல்ல தண்ணிய பாருங்க, பெரும்பாலும் வினை அங்கதான் இருக்கும். மீன் கழிவால தண்ணியில சேர்ற விஷமான அமோனியா 0 இருக்கணும், இல்லன்னா தினம் கால்வாசி தண்ணி மாத்துங்க, குளோரின் எடுத்த தண்ணியா, அதே சூட்டுல. ஹீட்டர் வச்சு 26 டிகிரி விடாம பிடிங்க. இது மேல வந்து காத்து குடிக்கிற மீன், தெம்பில்லாதப்ப மேல வர்றதே அதுக்குப் பெரும்பாடு பாவம், அதனால தண்ணி மட்டத்த கொறைச்சு ஃபில்டர் வேகத்தையும் கொறைச்சிடுங்க. வயிறு உப்பியிருந்தா 2 நாள் சாப்பாடு வேணாம், ஒண்ணும் ஆகாது. துடுப்பு ஓரம் கருத்து கந்தலா இருந்தா அழுகல், ஆரம்பத்துலயே பாத்துட்டா சுத்தமான தண்ணியிலயே ஓரத்துல கண்ணாடி மாதிரி புதுசா முளைக்கும், அத பாக்குறப்ப வர்ற நிம்மதி இருக்கே! செதில் முள்ளு முள்ளா தூக்கி நின்னா மட்டும் காத்திருக்காதீங்க, மீன் வைத்தியம் தெரிஞ்ச டாக்டர்ட்ட உடனே கேளுங்க.