குழந்தைகளோடு கிறிஸ்துமஸ் காலம்: வீட்டு வழக்கங்களும் குளிர்கால உலாக்களும்

மரம், குடில், நட்சத்திரம், வாழ்த்து அட்டை, கேரல் பாடல், பரிசுப் பொருள், விருந்து, உறவினர் வருகை, இடையில் ஒரு பனிச்சறுக்கு என்று டிசம்பர் மாதத்தில் ஒரு குடும்பம் செய்யக்கூடியவற்றுக்கு எல்லையே இல்லை. இவை அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்க முயலும் வீடுகளில் 24ஆம் தேதி மாலை பெற்றோர் களைத்துப்போயிருப்பார்கள், குழந்தைகள் சிணுங்கிக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தொடர முடிந்தால்தான் ஒரு செயல் குடும்ப வழக்கமாகும் என்பதால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கும் ஆண்டிலும் இதைச் செய்ய முடியுமா? குழந்தை தன் கையால் செய்வதற்கு இதில் ஏதேனும் வேலை உண்டா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வருபவற்றுள் நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் நாட்காட்டியைப் பார்த்துவிடலாம். கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம் நவம்பர் 30ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று, அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் தொடங்குகிறது. அதிலிருந்து நான்கு ஞாயிறுகள் கடந்து கிறிஸ்துமஸ் வரும். பிறகு, ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூர்ந்து ஜனவரி 6ஆம் தேதி கொண்டாடப்படும் திருக்காட்சிப் பெருவிழா வரை விழாக்காலம் நீள்கிறது. ஆக மொத்தம் ஐந்தாறு வாரங்கள் கையில் இருக்கின்றன. பலரும் எல்லாவற்றையும் 25ஆம் தேதிக்குள் திணித்துவிடுவதால், 26ஆம் தேதி காலையில் குழந்தைகளுக்கு ஒன்றுமே மிச்சமிருப்பதில்லை. பள்ளி விடுமுறையில் அவர்கள் வீட்டிலேயே இருக்கும் நாட்களும் பெரும்பாலும் அவைதாம். ஆகவே வெளியே அழைத்துச் செல்லும் திட்டங்களில் பாதியையாவது விழாவுக்குப் பிந்தைய வாரத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

சிறு குழந்தைக்கு ‘இன்னும் மூன்று வாரம்’ என்றால் ஒன்றும் புரியாது. காத்திருக்கும் காலத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்துவிட்டால் புரியும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திவந்த யோஹன் ஹின்ரிக் விசெர்ன் என்ற இறைப்பணியாளர், 1839ஆம் ஆண்டு ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் வார நாட்களுக்குச் சிறிய மெழுகுவத்திகளையும் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவத்திகளையும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். ‘கிறிஸ்துமஸ் எப்போது வரும்’ என்ற ஓயாத கேள்விக்கு அவர் கண்ட விடை அது. இன்று வழங்கும் நான்கு மெழுகுவத்தி வளையம் அதன் எளிய வடிவம். பல திருச்சபைகளில் மூன்று ஊதா நிறத்திலும், மூன்றாம் ஞாயிறுக்குரியது இளஞ்சிவப்பிலும் இருக்கும். வீட்டில் இதைச் செய்ய ஒரு தட்டும் சிறிது பசுந்தழையும் போதும். ஞாயிறு இரவு உணவுக்கு அமரும்போது ஏற்றி, உணவு முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். ஏற்றுவது பெரியவர் வேலை, அணைப்பது குழந்தையின் உரிமை என்று வைத்துக்கொண்டால் சண்டை வராது. இரண்டு குழந்தைகள் இருந்தால் யாருக்கு எந்த ஞாயிறு என்பதை முதல் வாரத்திலேயே எழுதி ஒட்டிவிடுவது புத்திசாலித்தனம். தழை காய்ந்துவிட்டால் எளிதில் தீப்பற்றும் என்பதால் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மின்கல மெழுகுவத்தியே போதுமானது.

எத்தனையோ வழக்கங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் குடிலைத்தான் சொல்வேன். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சியோ என்ற சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் தீவனத் தொட்டி, வைக்கோல், எருது, கழுதை ஆகியவற்றைக் கொண்டு பிறப்புக் காட்சியை அமைத்ததிலிருந்து இந்த வழக்கம் பரவியது. பார்த்து, தொட்டு, உணர்ந்து அறிவதற்காகவே அவர் அதைச் செய்தார். ஆகவே குழந்தை தொடக்கூடாத பீங்கான் பொம்மைகளால் குடில் அமைத்து, ‘கிட்டே போகாதே’ என்று ஐந்து வாரமும் கத்திக்கொண்டிருப்பதில் பொருளே இல்லை. மரத்தாலோ துணியாலோ களிமண்ணாலோ ஆன, விழுந்தாலும் உடையாத உருவங்களே குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றவை.

குடிலை ஒரே நாளில் முழுமையாக வைத்துவிடாமல், வாரவாரமாக வளர விடுவதுதான் இதன் சுவை. முதல் வாரத்தில் வெறும் கொட்டகையும் காலியான தீவனத் தொட்டியும் மட்டும் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைக்கோல் துண்டுகளை வைத்து, பிறருக்குச் செய்த உதவி ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டைத் தொட்டியில் இடலாம் என்று சொல்லிவிட வேண்டும். தங்கையின் காலணியைத் தேடிக் கொடுத்ததற்கு ஒன்று, தட்டைக் கழுவும் இடத்தில் கொண்டுபோய் வைத்ததற்கு ஒன்று என்று நான்கு வயதுக் குழந்தை முழங்கால் போட்டு அமர்ந்து, ஒரே ஒரு துரும்பைத் தொட்டியின் எந்த மூலையில் வைப்பது என்று நெடுநேரம் யோசிக்கும். தண்டனையாக ஒருபோதும் அதிலிருந்து எடுக்கக் கூடாது. கணக்கு வைத்து ஒப்பிடவும் கூடாது. இரண்டாம் வாரம் கால்நடைகள், மூன்றாம் வாரம் மேய்ப்பர்கள், நான்காம் வாரம் மரியாளும் யோசேப்பும் வருவார்கள். குழந்தை இயேசுவை 24ஆம் தேதி இரவு, வீட்டின் கடைக்குட்டி கொண்டுவந்து வைக்கும். ஞானிகளும் ஒட்டகங்களும் வீட்டின் மறுகோடியில் ஒரு சன்னல் விளிம்பிலிருந்து புறப்பட்டு, நாளுக்குச் சிறிது தூரமாக நகர்ந்து ஜனவரி 6 அன்று குடிலை அடைவார்கள். நகர்த்தும் பொறுப்பு குழந்தையுடையது என்பதால், 25க்குப் பிறகும் அதற்கு ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். ஞானிகள் மூவர் என்று மத்தேயு நற்செய்தி சொல்லவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள் மூன்று என்பதால் மூவர் என்பது வழக்காயிற்று. எனவே பிள்ளைகள் நான்காவதாக ஒரு பொம்மையை அணிவகுப்பில் சேர்த்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டப்பட்ட உண்மை மரமானால் அடிப்பகுதியில் இரண்டு செ.மீ. அளவுக்குப் புதிதாக அறுத்து, உடனே தண்ணீரில் நிறுத்த வேண்டும். முதல் நாளில் அது சில லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் அடிக்கடி பார்த்து ஊற்ற வேண்டும். கீழ்க்கிளைகளில் உடையாத பொருட்களை மட்டும் மாட்டி, அந்தப் பகுதியைக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம். ஒரே கிளையில் ஒன்பது மணிகள் தொங்கும். இரவில் போய் ‘சரிசெய்யும்’ பெற்றோரைக் காலையில் பிள்ளைகள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாடும் வாழ்த்து அட்டைகள், மின்னும் சிறு அலங்காரங்கள், மின்கல மெழுகுவத்திகள் போன்றவற்றுள் பெரும்பாலும் நாணயம் போன்ற பொத்தான் மின்கலம் இருக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுக்களை அரித்துக் கடுமையான புண்ணை உண்டாக்கும். மின்கல மூடி திருகாணியால் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்த்தே இத்தகைய பொருட்களை வீட்டுக்குள் விட வேண்டும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஏழெட்டு வயதில் ஏதோ ஒரு நாள், ‘சாண்டா உண்மையா?’ என்ற கேள்வி வரும். அதற்கான பதிலைப் பெற்றோர் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அது காரில் போகும்போதோ தூங்கப் போகும்போதோதான் கேட்கப்படும். ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்டால், குழந்தை நம்ப விரும்புகிறதா, உண்மையை அறியத் துணிந்துவிட்டதா என்பது விளங்கிவிடும். அறிய விரும்பும் குழந்தையிடம் பொய்யைத் தொடர்வது சரியல்ல என்பது என் கருத்து. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராக இருந்த நிக்கோலஸ் ஏழைகளுக்கு மறைவாக உதவியதாக வழங்கும் கதையைச் சொல்லி, ‘இனி நீயும் மறைவாகக் கொடுப்பவர்களில் ஒருவர்’ என்று தங்கைக்கோ தம்பிக்கோ உரிய பரிசைக் கட்டும் வேலையை அதனிடமே ஒப்படைத்துவிடலாம். அவருடைய நினைவு நாள் டிசம்பர் 6 என்பதால், அன்றைக்கே இதைச் செய்யும் வீடுகளும் உண்டு.

வெளியே போகும்போது

வடகோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22தான் ஆண்டின் மிகக் குறுகிய பகல். பலருக்கு இது சலிப்பூட்டும், ஆனால் சிறு குழந்தை உள்ளவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடுவதால், தெருக்களின் விளக்கு அலங்காரத்தைப் பார்த்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் வீடு திரும்பி, வழக்கமான நேரத்தில் குழந்தையைத் தூங்க வைத்துவிடலாம். பனியில் விளையாடுவது, நடப்பது போன்றவற்றை முற்பகலில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே இருக்கும் நேரத்தைக் குழந்தை சோர்ந்த பிறகு முடிக்காமல், இன்னும் ஆசை இருக்கும்போதே முடித்துவிட்டால் அடுத்த முறை கூப்பிட்டதும் வந்துவிடும்.

உடையில் மூன்று அடுக்குகள் தேவை. உடலை ஒட்டிய முதல் அடுக்கு மெல்லிய கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கலாம், பருத்தி கூடாது. வியர்வையில் நனைந்த பருத்தி உலராமல் உடம்போடு ஒட்டிக் குளிர்ச்சியை ஏற்றிவிடும். நடுவில் ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கைத் துணி அல்லது கம்பளி, அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாத மேலாடை. ஐந்து விரல் கையுறையைவிட, கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் உள்ள கையுறை விரல்களை நன்றாகச் சூடாக வைத்திருக்கும். நீண்ட கழுத்துத்துணி விளையாட்டுச் சாதனங்களில் சிக்கக்கூடும் என்பதால் தலைவழியே மாட்டும் குழாய்வடிவத் துணியே பாதுகாப்பானது. குழந்தைக்குக் குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்த்துப் பயனில்லை. பிடரியில் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தால், கதகதப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். காரில் ஏறியதும் தடித்த மேலாடையைக் கழற்றிவிட்டே இருக்கைப் பட்டையை மாட்ட வேண்டும், ஏனெனில் மோதலின்போது அந்தப் பஞ்சு அமுங்கி, இறுக்கமாகத் தோன்றிய பட்டை தளர்ந்துபோகும். குளிர்ந்தால் பட்டையின் மேலே போர்த்திக்கொள்ளலாம்.

ஐஸ் ஸ்கேட்டிங்குக்கு முதன்முறை போகும் குழந்தை வழுக்கி விழுவதற்குப் பெரும்பாலும் பனிக்கட்டி காரணமில்லை, காலணிதான். தடித்த காலுறை இரண்டைப் போடாமல், மெல்லிய ஒன்றோடு காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டி, அது காலணியின் பின்புறத்தில் நன்றாக ஒட்டிய பிறகே நாடாவைத் தொட வேண்டும். விரல்பக்கம் விரல்கள் அசையும் அளவுக்குத் தளர்வாகவும், கணுக்கால் மடியும் இடத்தில் முழுப் பலத்தோடு இறுக்கமாகவும், மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்கும் கட்ட வேண்டும். எழுந்து நின்றதும் கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்தால் அவிழ்த்து மீண்டும் கட்ட வேண்டும், குழந்தை எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. விழுவதை வீட்டுக் கம்பளத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம்: முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சாய்வது, மற்றவர்களின் காலணிக்கு அடியிலுள்ள கத்தி படாதவாறு விரல்களை மடக்கிக்கொள்வது, ஒரு முழங்காலில் ஊன்றி எழுவது. தலைக்கவசம் கட்டாயம். இயற்கையாக உறைந்த ஏரி, குளங்களின் பனிக்கட்டி ஓரிடத்தில் தடித்தும் அடுத்த அடியில் மெலிந்தும் இருக்கும், மேலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பராமரிக்கப்படும் தளங்களைத் தவிர வேறெங்கும் குழந்தைகளை இறக்கக் கூடாது.

பனிச் சரிவில் சறுக்குப் பலகையில் கால்களை முன்னே நீட்டி அமர்ந்தபடிதான் இறங்க வேண்டும், தலை முன்னே போகும்படி படுத்து இறங்க விடக்கூடாது. சரிவைத் தேர்ந்தெடுக்கும்போது மேலேயிருந்து பார்ப்பதைவிட, கீழே சென்று, அது முடியும் இடத்தில் மரமோ கம்பமோ சாலையோ நீர்நிலையோ உள்ளதா என்று பார்ப்பதே முக்கியம். புதிதாகப் பெய்த பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பியனுப்பும் என்பதால் வெயில் உள்ள நாளில் முகத்துக்குக் களிம்பும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். மூக்கு நுனி, காது, விரல் ஆகியவை வெளுத்து மரத்துப்போனால் உடனே உள்ளே அழைத்துச் சென்று வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும், தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. நிறமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டாலோ, குழந்தைக்கு நடுக்கத்தோடு பேச்சுக் குழறித் தூக்கம் அழுத்தினாலோ தாமதமின்றி மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பனி பொழியாத இடங்களில் இருப்பவர்கள் எதையும் இழக்கவில்லை. டிசம்பர் 13, 14 தேதிகளையொட்டி ஜெமினிட் எரிகற்பொழிவு உச்சம் பெறுகிறது. பல எரிகற்பொழிவுகளுக்கு நள்ளிரவுக்குப் பின் விழித்திருக்க வேண்டும், இதுவோ இரவு ஒன்பது, பத்து மணிக்கே நன்றாகத் தெரியத் தொடங்கும். நிலவொளி குறைந்த ஆண்டாக இருந்தால், விளக்குகள் அற்ற இடத்தில் தார்ப்பாயும் போர்வையும் விரித்து மல்லாந்து படுத்து, கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் கொடுக்க வேண்டும். இடையில் யாரும் கைபேசியைத் திறக்கக் கூடாது. எரிகல் வராத இடைவெளிகளில் ஓரியன் கூட்டத்தின் மூன்று நடு விண்மீன்களைக் காட்டி, அதன் தோளில் செந்நிறமாக ஒளிரும் திருவாதிரையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

பகலில் பறவைகளை எண்ணலாம். கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டு வீழ்த்திப் போட்டி நடத்தும் பழக்கத்துக்கு மாற்றாக, அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கிறது. அதில் முறைப்படி சேராவிட்டாலும், ஒரே பூங்காவில், ஒரே பாதையில், ஆண்டுதோறும் 26ஆம் தேதி நடந்து, கண்ட பறவைகளை ஒரே குறிப்பேட்டில் குழந்தையின் கையெழுத்திலேயே பதிவு செய்து வரலாம். பெயர் தெரியாத பறவையை ‘வாலாட்டும் சாம்பல் பறவை’ என்று எழுதினாலும் போதும், அடுத்த ஆண்டு அதைத் தேட ஒரு காரணம் கிடைத்துவிடும்.

ஞானிகள் குடிலை அடைந்த மறுநாள் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம். இதையும் குழந்தைகளோடு சேர்ந்தே செய்ய வேண்டும். மின்விளக்குச் சரத்தை ஓர் அட்டையில் சுற்றி வைத்தால் சிக்காது. எரியாத விளக்கு, கழுத்து உடைந்த ஒட்டகம், தீர்ந்துபோன மெழுகுவத்தி என்று அடுத்த நவம்பரில் வாங்கவோ ஒட்டவோ வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, பெட்டியின் அடியில் வைக்காமல் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட வேண்டும்.