செல் சமிக்ஞையையும் புற்றுநோயையும் ஆராயும் உயிர்வேதியியலாளர் ஆவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் பட்டப்படிப்பு முடிவுகள் வெளியானதும், கிண்டியிலும் தரமணியிலும் உள்ள துறைகளின் வாசலில் மாணவர்கள் பெற்றோருடன் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். புற்றுநோயை ஆராய வேண்டும் என்று பிள்ளை சொல்லும். அப்படியானால் மருத்துவமே படித்திருக்கலாமே என்று தந்தை தயங்குவார். இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உயிர்வேதியியலாளர் நோயாளியைப் பார்ப்பதில்லை, மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. நோயாளியின் உடலுக்குள் ஒரு செல் ஏன் கட்டுப்பாட்டை மீறியது என்பதை, அந்தச் செல்லின் புரதங்களைக் கொண்டே அவர் விசாரிக்கிறார்.

நம் உடலில் ஒரு செல் தன் விருப்பப்படி பிரிவதில்லை. வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் வெளியிலிருந்து வந்து செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் அமர்கிறது. ஏற்பியின் உட்பகுதி விழித்துக்கொள்கிறது. அங்கிருந்து ஒரு புரதம் அடுத்த புரதத்தின் மீது பாஸ்பேட் ஒன்றை ஒட்ட, அது தனக்கு அடுத்ததன் மீது ஒட்ட, செய்தி கடைசியில் உட்கருவை அடைந்து பிரிவதற்கான உத்தரவாகிறது. பாஸ்பேட்டை ஒட்டும் நொதி கைனேஸ்; அதை எடுத்துவிடும் நொதி பாஸ்பட்டேஸ். இந்த ஒட்டுதலும் எடுத்தலும் சேர்ந்தே புரதத்தின் செயலை ஆள்கின்றன என்பதை 1950களில் காட்டிய எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1992இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனித மரபணுத் தொகுதியில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உள்ளன. புற்றுநோய்ச் செல்லில் இந்தத் தொடரின் ஏதோ ஓரிடத்தில் பழுது நேர்ந்து, நின்றிருக்க வேண்டிய செய்தி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்தப் புரதத்தில், எந்த அமினோ அமிலத்தின் மேல், எந்தக் கைனேஸ் ஒட்டிய பாஸ்பேட் அது, அதை ஏன் எந்த நொதியும் எடுக்கவில்லை என்று கண்டுபிடிப்பதே உங்கள் வேலையாக இருக்கும்.

ஆகவே இத்துறைக்குள் நுழைகிறவர் முதலில் பாஸ்பேட்டைப் பின்தொடரக் கற்க வேண்டும். அதற்கான முதல் பாடம் உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே இருக்கிறது. மாலிப்டேட் கரைசலும் ஒடுக்கியும் சேர்த்ததும் சோதனைக் குழாயில் மெல்ல எழுகிற அந்த நீல நிறத்தைக் கலரிமீட்டரில் அளந்து பாஸ்பரஸின் அளவைக் கணக்கிடும் பயிற்சியைப் பெரும்பாலான மாணவர்கள் ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் செய்துவிட்டுப் போகிறார்கள். அந்த முறையின் பெயர் ஃபிஸ்கே-சுப்பராவ் முறை. அதிலுள்ள சுப்பராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்த எல்லாப்பிரகத சுப்பராவ். 1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கா போனார். 1925இல் உயிர்வேதியியலாளர் ஃபிஸ்கேயுடன் இந்த முறையை வெளியிட்டார். இதே அளவீட்டின் துணையோடு 1929இல் தசையில் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு இருப்பதை இருவரும் அறிவித்தார்கள். கைனேஸ்கள் பாஸ்பேட்டை எடுப்பது அந்த ஏடிபியிலிருந்துதான். பின்னாளில் அவருடைய குழுவினர் உருவாக்கிய அமினோப்டெரின் என்னும் மருந்தைத்தான் 1947இல் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நம் ஊர் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த ஒருவர் இந்தத் துறையின் இரு முனைகளையும் தொட்டிருக்கிறார் என்பதை ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் சொல்ல விரும்புகிறேன். அந்த நீலத்தை மூன்று குழாய்களில் தனித்தனியாக எடுத்து, மூன்று அளவுகளும் ஒத்துவரும்வரை திரும்பச் செய்யுங்கள். பக்கத்து மேசை நண்பரின் அளவைப் பார்த்து எழுதாதீர்கள். பிற்காலத்தில் உங்கள் கையை நீங்களே நம்புவது இந்தப் பழக்கத்தில் தொடங்குகிறது.

பட்டப்படிப்பு உயிர்வேதியியலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வேதியியலோ விலங்கியலோ உயிரித்தொழில்நுட்பமோ படித்தவர்களும் நன்றாகச் செய்கிறார்கள். முதுகலைக்கு வரும்போது இடத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். சர்தார் படேல் சாலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால் போதும்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழகம், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் சில கிலோமீட்டர்களுக்குள் அடங்கிவிடுகின்றன, பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் வளாகம் தரமணியில் இருக்கிறது. ஓரிடத்தில் படித்துக்கொண்டே இன்னோரிடத்துக் கருத்தரங்கில் போய் உட்காரும் வசதி எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. கருத்தரங்குகளைத் தவறவிடாதீர்கள், முதல் ஓராண்டு பாதிக்குமேல் புரியாது, அதனால் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

முனைவர் பட்டத்துக்குச் சம்பளத்தோடு சேர்வதற்கான பிரதான வாசல், சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு. உயிர் அறிவியல் தாளின் பாடத்திட்டத்தில் நான்காம் அலகின் தலைப்பே செல் தொடர்பும் சமிக்ஞையும்தான். புற்றுநோய் அதன் ஓர் உட்பிரிவாகவே இருக்கிறது. மொத்தம் 200 மதிப்பெண்களில் 100 மதிப்பெண், சி பகுதியின் 75 கேள்விகளில் 25க்கு விடையளிப்பதில் கிடைக்கிறது. அந்தக் கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை. ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து, இதிலிருந்து எதைச் சொல்லலாம் என்று கேட்கின்றன. எனவே சமிக்ஞைப் பாதைகளின் அம்புக்குறிகளை உருப்போடுவதைவிட, ஒவ்வோர் அம்புக்குறியும் எந்தச் சோதனையால் நிறுவப்பட்டது என்று தேடிப் படிப்பது தேர்வுக்கும் உதவும், பின்னர் ஆராய்ச்சிக்கும் உதவும். கேட் (GATE) போன்ற பிற தேசியத் தேர்வுகளையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்; இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதுநிலையில் 42,000 ரூபாய்; வீட்டு வாடகைப்படி தனி. பணம் சில மாதங்கள் தாமதமாகி மொத்தமாக வருவதும் உண்டு என்பதால், சேரும்போதே மூன்று மாதச் செலவுக்கான தொகையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் மாணவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பெயரைப் பார்த்தோ கட்டடத்தைப் பார்த்தோ சேர வேண்டாம். அந்த ஆய்வகத்திலிருந்து கடைசியாக வெளிவந்த இரண்டு ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான ஷோத்கங்கா தளத்தில் எடுத்து முழுவதும் படியுங்கள். அதில் ஒவ்வொரு படத்துக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல் இருக்கிறதா, சோதனை எத்தனை முறை திரும்பச் செய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அங்கே நான்காம் ஆண்டில் இருக்கும் மாணவரைத் தனியாகச் சந்தித்து, தேடும் புரதத்தைப் பிடித்துக் காட்டும் எதிர்ப்பொருளை ஆர்டர் செய்தால் எத்தனை வாரத்தில் வருகிறது, சோதனை தோற்றால் வழிகாட்டி என்ன சொல்வார் என்ற இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். தோற்ற சோதனையை உட்கார்ந்து பேசுகிற வழிகாட்டியிடம் ஐந்தாறு ஆண்டுகளைத் தயங்காமல் ஒப்படைக்கலாம்.

இனி மேசைக்கு வருவோம். நீங்கள் முதலில் கற்கப்போகும் சோதனை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்: ஈஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் எர்க் என்னும் கைனேஸில் பாஸ்பேட் ஏறுகிறதா? முதல் நாள் இரவே செல்களுக்குச் சீரம் இல்லாத திரவத்தை மாற்றி, பழைய செய்திகள் அடங்கும்வரை பட்டினி போட வேண்டும். மறுநாள் காலை ஈஜிஎஃப் சேர்த்து 0, 5, 15, 30, 60 நிமிடங்களில் ஒவ்வொரு தட்டையும் எடுத்துப் பனிக்கட்டியின் மேல் வைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், ஐந்தாம் நிமிடம் என்றால் ஐந்தாம் நிமிடம்தான். செல்லை உடைத்த நொடியிலிருந்து அதன் பாஸ்பட்டேஸ்கள் நீங்கள் தேடும் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கிவிடும். ஆகையால் பனிக்கட்டிப் பெட்டியை விளிம்புவரை நிரப்புங்கள். மே மாதத்துச் சென்னையில், அறையின் ஏசி நின்றுபோன பிற்பகலில், பாதி நிரப்பிய பெட்டி நீங்கள் கடைசித் தட்டுக்கு வருவதற்குள் தண்ணீராகியிருக்கும். உடைக்கும் கரைசலில், பாஸ்பட்டேஸ்களை அடக்கும் சோடியம் ஃபுளோரைடும் சோடியம் ஆர்த்தோவனடேட்டும் இருக்க வேண்டும். வனடேட்டை அப்படியே எடை போட்டுக் கரைத்தால் பயனில்லை; பிஹெச் 10க்குக் கொண்டுவந்து, மஞ்சள் நிறம் போய்த் தெளியும்வரை கொதிக்கவைத்து, ஆறவைத்து, மீண்டும் பிஹெச் சரிபார்த்து, மீண்டும் கொதிக்கவைக்க வேண்டும். இந்தச் சலிப்பான வேலையைத் தவிர்த்தவர்களின் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுப்படி பிரித்து, சவ்வுக்கு மாற்றி, எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் சோதனை) பட்டையே தெரியாமல் போய், எதிர்ப்பொருள் கெட்டுவிட்டது என்று அவர்கள் புதிதாக வாங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெஸ்டர்ன் பிளாட்டில் சவ்வின் வெற்றிடங்களை மூட வழக்கமாகப் பால்பவுடர் பயன்படுத்துவோம். பாஸ்பேட்டைத் தேடும்போது மட்டும் அதற்குப் பதிலாக மாட்டுச் சீரம் அல்புமினை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பாலிலுள்ள கேசினே பாஸ்பேட் சுமந்த புரதம், பின்னணி கறுத்துவிடலாம். எல்லாம் சரியாக நடந்தால் 44, 42 கிலோடால்டன் அளவுகளில் இரட்டைப் பட்டைகள் ஐந்தாம் நிமிடத்தில் பளிச்சென்று தோன்றி, நேரம் ஆக ஆக மங்கும். அதைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாமல், அதே மாதிரியில் பாஸ்பேட் ஏறியதும் ஏறாததும் சேர்ந்த மொத்த எர்க்கையும் அளக்க வேண்டும். மொத்தம் எல்லாத் தட்டுகளிலும் ஒரே அளவாக இருந்தால்தான் ஏறியது பாஸ்பேட், புரதம் அல்ல என்று சொல்ல முடியும். எர்க்குக்கு முந்தைய படியான மெக்கைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, பட்டை மறைவதையும் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் அன்றன்றே நோட்டில் எழுதுங்கள்; கரைசல் தயாரித்த தேதி, பாட்டிலின் எண், அன்று மின்சாரம் போன நேரம் உட்பட. 1979இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹண்டர் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களைப் பிரித்தபோது, பிஹெச் 1.9 ஆக இருந்திருக்க வேண்டிய தாங்கல் கரைசல் பலமுறை பயன்படுத்தப்பட்டதால் 1.7 ஆக இறங்கியிருந்தது. புதிய கரைசலில் ஒன்றோடொன்று ஒட்டி ஓடியிருக்கும் இரண்டு புள்ளிகள் அன்று விலகி நின்றன: ஒன்று அனைவரும் அறிந்த பாஸ்போத்ரியோனின், மற்றொன்று அதுவரை புரதத்தில் எவரும் காணாத பாஸ்போடைரோசின். கோழிகளில் புற்றை உண்டாக்கும் ரௌஸ் சார்கோமா வைரஸின் சார்க் புரதம் டைரோசின் மீது பாஸ்பேட் ஒட்டும் கைனேஸ் என்பது அதன் தொடர்ச்சியாகத் தெரியவந்தது. கரைசல் பழையதானது தற்செயல்தான். ஆனால் புள்ளி இடம் மாறியதைக் கண்டு, காரணத்தைத் தேடி, பிஹெச் மாறியிருப்பதைக் கண்டறிந்தது தற்செயல் அல்ல.

செல்களைப் பற்றி என் சொந்த இழப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். முனைவர் ஆய்வின் இரண்டாம் ஆண்டில், மார்பகப் புற்றுநோய்ச் செல் என்று எழுதியிருந்த ஒரு குப்பியை இன்னோர் ஆய்வகத்திலிருந்து நட்பின் பேரில் வாங்கி எட்டு மாதம் வேலை செய்தேன். முடிவுகள் எதனோடும் பொருந்தாமல் போகவே, டிஎன்ஏவைக் கொண்டு செல்லின் அடையாளத்தைக் காட்டும் எஸ்டிஆர் பரிசோதனைக்கு அனுப்பினேன். அது ஹீலா செல். 1951இல் ஹென்ரியேட்டா லாக்ஸின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டு, இன்று உலகெங்கும் பிற செல்களுக்குள் கலந்து அவற்றை விழுங்கிவிடுகிற அதே செல். எட்டு மாதப் பக்கங்களையும் கோடு போட்டு அடித்தேன். புணேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற இடத்திலிருந்து செல்லை வாங்குங்கள்; வந்த வாரமே அடையாளத்தைச் சரிபாருங்கள்; செல் வளர்ப்பில் சத்தமில்லாமல் தொற்றும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கு மாதம் ஒருமுறை பரிசோதனை செய்யுங்கள்.

தட்டில் வளரும் செல்லோடு நின்றுவிடாமல் மருத்துவர்களோடும் பழகுங்கள். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, வி. சாந்தா தன் வாழ்நாளையே கொடுத்து வளர்த்த அடையாறு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பகுதியில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால், உங்கள் ஆய்வுக் கேள்வி நிச்சயம் மாறும். நோயாளியின் திசு வேண்டுமானால் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துபூர்வ இசைவும் இல்லாமல் ஒரு துளிகூட எடுக்கக் கூடாது. ஒப்புதலுக்குப் பல மாதங்கள் ஆகும் என்பதால் முதலாண்டிலேயே விண்ணப்பியுங்கள்.

கைனேஸ் ஆராய்ச்சி மருந்தாகி நோயாளியிடம் வந்துசேரும் பாதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 9, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் கைனேஸ் ஓயாமல் இயங்குவதே நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்குக் காரணம். அந்தக் கைனேஸில் ஏடிபி அமரும் குழியில் தான் போய் அமர்ந்து அதை நிறுத்தும் இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் கோரிய காப்புரிமையை, 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தையும் மேல்முறையீட்டு வாரியத்தையும் கடந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் அந்த மறுப்பு உறுதியானது. அப்போது அந்நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அந்தத் தீர்ப்பை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். மூலக்கூறின் வேதியியல் நோயாளியின் வீட்டுச் செலவோடு எங்கே சந்திக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் எனக்குத் தெரியாது.

பட்டம் கிடைக்கும்போது உங்களுக்கு 28, 29 வயதாகியிருக்கும். உறவினர்கள் வேலையைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் கேட்பார்கள். பெண்களிடம் இரண்டாவதைத்தான் அதிகம் கேட்பார்கள். வீட்டாரை ஒருமுறை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று நுண்ணோக்கியில் செல்களைக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் நெடுநாள் விவாதத்தை அது ஒரே மாலையில் முடித்துவைத்தது. அதன்பின் வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ மூன்று நான்கு ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வு. திரும்பி வருவதற்கு ராமலிங்கசுவாமி, ராமானுஜன் உதவித்தொகைகளும் இந்தியா அலையன்ஸ் உதவித்தொகையும் இருக்கின்றன. போகும்போதே அவற்றின் கால வரம்புகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஆய்வகம் கிடைத்து அறையின் சாவி கைக்கு வந்ததும், கருவிப் பட்டியலை எழுதுவதற்கு முன் மின்பணியாளரை அழைத்து, மைனஸ் 80 உறைபெட்டிக்கான இணைப்பு ஜெனரேட்டர் வரிசையில் இருக்கிறதா என்று மெயின் சுவிட்சை அணைத்தே பாருங்கள். ஒவ்வொரு செல்லின் குப்பிகளையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேறொரு கட்டடத்தில், முதல் மாடிக்கு மேல் உள்ள திரவ நைட்ரஜன் கலனில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், அக்டோபர் முதல் வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.