பிரசென்ட் சைபரின் எஸ்-பெட்டியைக் கொப்பியிலேயே சோதிப்போம்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவர்களுக்கு எக்ஸோர் படலை பழக்கமானது என்பதால் அதை இங்கே விளக்கவில்லை. சதுரக் கோட்டுக் கொப்பியும் பென்சிலும் போதும்.

1970களில் ஐபிஎம் நிறுவனத்தில் டெஸ் பிளாக் சைபர் (தரவைத் தொகுதி தொகுதியாக மறையாக்கும் முறை) உருவானபோது, அதன் எஸ்-பெட்டிகள் (ஓர் உள்ளீட்டு எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண்ணைத் தரும் அட்டவணைகள்) ஏன் அப்படி அமைந்தன என்பது வெளியில் சொல்லப்படவில்லை. இரு உள்ளீடுகளின் வேறுபாடு வெளியீட்டில் எப்படி மாறுகிறது என்று பார்த்துச் சாவியைத் தேடும் வேறுபாட்டுத் தாக்குதலைத் தாங்குமாறே அவை தெரிவு செய்யப்பட்டன என்பதை, வடிவமைப்பாளர்களுள் ஒருவரான டொன் கொப்பர்ஸ்மித் 1994இல்தான் எழுதினார். சிறிய வன்பொருள்களுக்காக 2007இல் வெளிவந்த பிரசென்ட் சைபரோ, தன் எஸ்-பெட்டிக்கான நிபந்தனைகளைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாக வைத்தது. அதனால்தான் கற்பதற்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

முதலில், 0 முதல் 15 வரையான உள்ளீடுகளுக்கு நேரே வெளியீடுகளை எழுதுங்கள்: 12, 5, 6, 11, 9, 0, 10, 13, 3, 14, 15, 8, 4, 7, 1, 2.

அடுத்து, உள்ளீட்டு வேறுபாடு 1 என்று கொள்ளுங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான்: பெட்டியில் 1க்கு நேரே இருக்கும் 5ஐ விடையாக எடுக்கக் கூடாது. எக்ஸோர் செய்தால் 1 தரும் இரண்டு உள்ளீடுகளைச் சோடியாக்கி, அவற்றின் வெளியீடுகளை எக்ஸோர் செய்ய வேண்டும். 0, 1 என்ற சோடிக்கு 12உம் 5உம் சேர்ந்து 9 தருகின்றன. 4, 5 என்ற சோடியும் 9 தருகிறது. எட்டுச் சோடிகளையும் முடித்தால் 3, 7, 9, 13 ஆகியவை மட்டுமே, ஒவ்வொன்றும் இரு சோடிகளில் வரும். சோடியின் வரிசையை மாற்றியும் எண்ணுவதால் வரிகளில் உள்ளீட்டு வேறுபாடும் நிரல்களில் வெளியீட்டு வேறுபாடும் உள்ள அட்டவணையில், 1 என்ற வரியில் ஒவ்வொன்றுக்கும் 4 என்று எழுதுங்கள்.

இந்த நான்கிலும் குறைந்தது இரண்டு பிட்கள் மாறியுள்ளன. ஒரு பிட் மாற்றம் ஒரு பிட் மாற்றமாகவே வெளியேறக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. எந்தக் கட்டமும் 4ஐத் தாண்டக் கூடாது என்பது மற்றொன்று. இவற்றோடு, சைபரின் ஒவ்வொரு சுற்றிலும் எஸ்-பெட்டிகளுக்குப் பின் வரும் பிட் இடமாற்றமும் சேர்வதால், எந்த ஐந்து சுற்றுகளிலும் குறைந்தது 10 எஸ்-பெட்டிகள் வேறுபாட்டைச் சந்திக்கும் என வடிவமைப்பாளர்கள் நிறுவினர். அப்படியானால் 25 சுற்றுகளில் 50 பெட்டிகள்; ஒவ்வொன்றிலும் நிகழ்தகவு அதிகபட்சம் 1/4 என்பதால், ஒரு வேறுபாட்டுப் பாதையின் நிகழ்தகவு 2⁻¹⁰⁰ஐ மீறாது. 64 பிட் தொகுதியில் இருப்பதோ 2⁶⁴ உள்ளீடுகள் மட்டுமே; அப்படியொரு பாதையைப் பயன்படுத்த அவை போதா. மொத்தச் சுற்றுகள் 31. ஆனால் உள்ளீட்டு, வெளியீட்டு பிட்களிடையே தோராயமான எக்ஸோர் தொடர்புகளைத் தேடும் நேரியல் தாக்குதலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவ்வழியில் 26 சுற்றுகள் வரையான தாக்குதல் 2010இல் வெளிவந்தது.

அட்டவணையின் மிகுதி வரிகளைக் கணிக்கப் பைதனில் நீங்களே செய்நிரல் எழுதுங்கள். ஆயத்த மென்பொருளை அதன் பிறகு நாடுவதே நல்லது.

பிற்சேர்க்கை: எல்லாக் கட்டங்களிலும் இரட்டை எண்களே வருவது பிழையா என்று வவுனியாவிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார். பிழையன்று, ஒவ்வொரு சோடியும் இருமுறை எண்ணப்படுகிறது. ஒற்றை எண் வந்தாலோ, ஒரு வரியின் கூட்டுத்தொகை 16 ஆகாவிட்டாலோ, எண்ணும் லூப்பைச் சரிபாருங்கள்.