கட்டுமானத் தொழில்நுட்பத் தரவை மின்னணு முறையில் பகிர்வது எப்படி? ஒரு கதவை வைத்து ஒரு செய்முறை

ஒரு தீத்தடுப்புக் கதவின் விவரங்களைக் கட்டடக் கலைஞர், தலைமை ஒப்பந்ததாரர், கதவைச் செய்யும் நிறுவனம், பொருத்துபவர், பின்னாளில் பராமரிப்பவர் எனப் பலரும் கையாளுகின்றனர். ஒவ்வொருவரும் அதே விவரங்களைத் தத்தம் மென்பொருளில் மறுபடியும் தட்டச்சு செய்வதால்தான் பிழைகள் நுழைகின்றன. ஒருமுறை பதிந்த தரவு கைமாறும்போது பொருள் மாறாதிருக்கச் செய்யவேண்டியவற்றை, அந்தக் கதவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

படி 1: தேவையை எழுத்தில் பெறுதல்

பெறுபவருக்கு எந்தத் தகவல், எந்த வடிவத்தில், பணியின் எந்தக் கட்டத்தில் வேண்டும் என்பதை முதலில் எழுதி வாங்குங்கள். கட்டுமானத் தகவல் மேலாண்மைக்காக 2018இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் பன்னாட்டுத் தரநிலை, தகவல் தேவைகளை வரையறுக்கும் பொறுப்பைப் பணியை ஒப்படைப்பவரிடமே வைத்துள்ளது. ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். "இருப்பதையெல்லாம் அனுப்புங்கள்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

படி 2: பண்பு, மதிப்பு, அலகு

மிகுதியான நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். ஓர் எக்செல் தாளில் பண்பு, மதிப்பு, அலகு என மூன்று பத்திகளை அமையுங்கள். "அகலம் 900" என்று எழுதினால் போதாது; அது மில்லிமீட்டர் என்பதோடு, கதவுப் பலகையின் அகலமா, நிலைச்சட்டத்தையும் சேர்த்த அகலமா, சுவரில் விடவேண்டிய திறப்பின் அகலமா என்பதும் பண்பின் பெயரிலேயே தெரிய வேண்டும்.

தீத்தாங்கு திறன் இதைவிடச் சிக்கலானது. ஒருவர் "60" என்றும், மற்றொருவர் "60 நிமிடம்" என்றும், வேறொருவர் "ஒரு மணி நேரம்" என்றும் எழுதினால், படிக்கும் மனிதருக்கு மூன்றும் ஒன்றே. வடிகட்டித் தேடும் மென்பொருளுக்கோ அவை மூன்று வெவ்வேறு மதிப்புகள். மேலும், ஐரோப்பிய வகைப்பாட்டில் "இ 60" என்பது சுடரும் வெப்ப வாயுக்களும் கடக்காமல் தடுப்பதை மட்டுமே குறிக்க, "இ.ஐ. 60" என்பது மறுபக்கத்தின் வெப்பநிலை உயர்வையும் கட்டுப்படுத்துவதைக் குறிக்கிறது. வெறும் "60" என்று பதிந்தால் இந்த வேறுபாடே அழிந்துவிடுகிறது. ஆகவே, ஒவ்வொரு பண்புக்கும் ஏற்கத்தக்க மதிப்புகளின் பட்டியலை முன்கூட்டியே அனைவரும் ஒப்புக்கொள்ளுங்கள். பண்புகளுக்குப் புதுப் பெயர் சூட்டாமல், கட்டுமானத் தரவுக்கான திறந்த தரநிலைகளை உருவாக்கும் பில்டிங்ஸ்மார்ட் அமைப்பின் இணைய அகராதியில் உள்ள பெயர்களையே முடிந்தவரை பயன்படுத்துங்கள்.

படி 3: திறந்த வடிவத்தில் ஏற்றுமதி

முப்பரிமாண மாதிரியைப் பகிர, எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் சாராத, ஐ.எஸ்.ஓ. 16739 தரநிலையான ஐ.எஃப்.சி. என்னும் கோப்பு வடிவம் ஏற்றது. பழைய 2x3 பதிப்பும் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், பெறுபவர் எந்தப் பதிப்பைப் படிக்க முடியும் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

ஏற்றுமதி செய்த கோப்பை, அதை உருவாக்கிய மென்பொருளில் அல்லாமல், வேறொரு நிறுவனத்தின் இலவசக் காட்சிச் செயலியில் திறந்து பாருங்கள். கதவு "கதவு" என்னும் வகையிலேயே வந்துள்ளதா அல்லது "ப்ராக்ஸி" எனப்படும் பொதுப் பொருளாக மாறிவிட்டதா என்று கவனியுங்கள். அப்படி மாறியிருந்தால் கண்ணுக்குக் கதவு தெரியும், ஆனால் கதவுகளின் எண்ணிக்கைப் பட்டியலில் அது இடம்பெறாது. எல்லாத் துறையினரின் மாதிரிகளும் இடத்தை அளக்கத் தொடங்கும் பொது ஆயத்தொலைவுப் புள்ளி ஒத்துப்போகிறதா என்பதையும் சரிபாருங்கள்.

படி 4: நிலையைக் குறித்துப் பதிவேற்றுதல்

மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் கோப்பை அனுப்பினால், எது நடப்புப் பிரதி என்பது விரைவில் யாருக்கும் தெரியாமல் போகும். திட்டத்தின் பொதுத் தரவுச் சூழலில், அதாவது அனைவரும் கோப்புகளைப் பகிரும் ஒரே பொதுச் சேமிப்பிடத்தில், பதிவேற்றி, திருத்த எண்ணையும் நிலையையும் குறிப்பிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 19650 நான்கு நிலைகளைக் கூறுகிறது: பணியில் உள்ளது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, காப்பகம். இவற்றில் "பகிரப்பட்டது" என்பது பிற துறையினர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே உரியது; அதை நம்பித் தொழிற்சாலையில் கதவை அறுக்கத் தொடங்கக் கூடாது.

படி 5: கருத்துகளும் மாற்றங்களும்

மாதிரியில் கண்ட குறைகளைத் தெரிவிக்க, கருத்துப் பரிமாற்றத்துக்கென உள்ள பி.சி.எஃப். என்னும் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தலாம். அது முழு மாதிரியையும் சுமக்காமல், குறிப்பு, பார்வைக் கோணம், தொடர்புடைய பொருளின் அடையாளக் குறியீடு ஆகியவற்றை மட்டும் கொண்டுசெல்கிறது. ஐ.எஃப்.சி. கோப்பில் அந்தக் குறியீடு 22 எழுத்துக்குறிகள் கொண்டது. அளவை மாற்ற வேண்டியிருந்தால், இருக்கும் கதவையே திருத்துங்கள். அதை அழித்துவிட்டு மீண்டும் வரைந்தால் புதிய குறியீடு உருவாகி, பழைய கருத்துகள் எந்தக் கதவைச் சேர்ந்தவை என்ற தொடர்பு அறுந்துவிடும்.

கதவு பொருத்தப்பட்ட பிறகு, வரிசை எண், பொருத்திய நாள், சோதனைச் சான்றிதழின் இணைப்பு ஆகியவற்றை அதே குறியீட்டின் கீழ் சேர்த்து ஒப்படையுங்கள். பராமரிப்புக் குழுவினர் அவற்றைத் தங்கள் மென்பொருளில் நேரடியாக ஏற்றிக்கொள்ளலாம்.