ஓடும்போதே நின்றுபோகும் இஞ்சின்: கடலோர வண்டிகளில் காரணம் தேடும் முறை

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென நின்று, சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிட்டால், பட்டறைக்குக் கொண்டுபோகும்போது அந்தப் பழுது பெரும்பாலும் தலைகாட்டாது. ஆகையால் இஞ்சின் சூடாக இருந்ததா, டேங்கில் எவ்வளவு எரிபொருள் இருந்தது, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில் இருந்தபோது நின்றதா, பள்ளத்தில் குலுங்கியபோது நின்றதா என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றிருந்தால் மின்பகுதியிலும், இழுவை குறைந்து திணறித் திணறி நின்றிருந்தால் எரிபொருள் பகுதியிலும் தேடத் தொடங்கலாம்.

ராமேஸ்வரத்தை ஒட்டிய பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து உப்புக் காற்றில் ஓடும் வண்டி என்றால், எந்த உதிரிபாகத்தையும் வாங்குவதற்கு முன் எர்த் வயரை (பேட்டரியின் மைனஸை இஞ்சினோடு இணைக்கும் வயரை)ப் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. மீன் ஏற்றும் என் வண்டிக்குப் புது பெட்ரோல் பம்ப் மாற்றிய பிறகும் அது நின்றுகொண்டுதான் இருந்தது. கடைசியில் இஞ்சினோடு எர்த் வயரைப் பிணைக்கும் போல்ட்டைக் கழற்றியபோது, அதன் அடியில் பச்சைப் பொடி பூத்திருந்தது. ரப்பர் உறையைச் சற்று உரித்ததும் உள்ளேயிருந்த செம்பு இழைகள் கறுத்து, விரலோடு உதிர்ந்து வந்தன.

இதைக் கழற்றாமலே சோதிக்கலாம். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் கட்டையிலும் (கிளாம்பில் அன்று), மறுமுனையை இஞ்சினின் துருவற்ற உலோகப் பகுதியிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது; 0.5ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. டெர்மினலில் பூத்திருப்பதை வெந்நீரில் கரைத்த ஆப்பசோடாவால் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

அடுத்து, வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் ஒவ்வொரு கப்ளரையும் (வயர்களை உலோகப் பின்களால் இணைக்கும் பிளக்கை) மெதுவாக அசையுங்கள். எதை அசைக்கும்போது இஞ்சின் தடுமாறுகிறதோ, அந்தக் கப்ளரில்தான் கோளாறு; அதன் பின்களில் உப்பு இறங்கியிருக்கலாம்.

சூடானால் நின்று, அரைமணி நேரம் ஆறியபின் கிளம்பினால் இஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்மீது சந்தேகம் கொள்ளுங்கள். கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம். முள் சுழியத்துக்கு விழுவது அதற்கு வலுவான அடையாளம்.

திணறி நிற்கும் பெட்ரோல் வண்டியில், சாவியை ஆன் செய்ததும் பம்ப்பின் ரீங்காரம் கேட்கிறதா என்று கவனியுங்கள். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்தால் காற்று உள்ளே இழுபட்டு, பிறகு வண்டி ஓடினால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. டீசல் என்றால் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். தனுஷ்கோடிக்கு அடிக்கடி போகும் வண்டியில் ஏர் ஃபில்டரை மணலுக்காகத் தனியே பார்க்க வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றுவிட்டால், உருளும் வண்டியில் சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இஞ்சின் நின்றபின் பிரேக் ஓரிரு மிதிக்கே இலகுவாக இருக்கும் என்பதால், விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள்.

பட்டறையில் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; கழற்றிவிட்டால் பல வண்டிகளில் அந்தக் குறியீடுகள் அழிந்துவிடும். பி0335 என்று வந்தால் அது கிராங்க் சென்சார் சுற்றைக் குறிக்கிறது. ஆயினும் சென்சாரை மாற்றச் சொல்வதற்கு முன் அதன் கப்ளரைக் கழற்றி, பின்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்.