அடுப்படிக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்கும் முறை

காரைக்குடிப் பக்கம் புதிதாக வீடு கட்டுபவர்களும், பழைய வீட்டின் அடுப்படியைத் திருத்துபவர்களும், டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் நிறத்தையும் பூவேலையையும்தான் முதலில் பார்க்கிறார்கள். அடுப்படியைப் பொறுத்தவரை அவற்றைக் கடைசியாகப் பார்ப்பதே நல்லது. சுவரில் எது தெறிக்கும், தரையில் எது சிந்தும், எதைக் கொண்டு துடைக்கப் போகிறோம் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். மிளகாயும் மஞ்சளும் புளியும் தாராளமாகப் புழங்கி, தீபாவளிக்கும் திருமணத்துக்கும் நாள் முழுவதும் பலகாரம் சுடும் வீடுகளில் இந்த யோசனை கூடுதலாகவே தேவைப்படும்.

சுவருக்கான டைலும் தரைக்கான டைலும் ஒன்றல்ல. சுவருக்கென விற்கப்படும் சாதாரண செராமிக் டைல், தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடியது. அதிக வெப்பத்தில் சுட்டு இறுக்கமாக்கப்பட்ட நல்ல விட்ரிஃபைடு டைல் 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. கடையிலேயே டைலைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்: செராமிக்கில் சொட்டு உள்ளே இறங்கி மறையும், விட்ரிஃபைடில் அப்படியே நிற்கும். விலை குறைவு என்பதற்காகச் சுவர் டைலைத் தரையில் பதித்தால், அம்மிக் குழவியோ குக்கரோ தவறி விழும் நாளில் அது விரிசல் விடும்.

சுவரில் பளபளப்பான டைல் தாராளமாக இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு ஒரே துடைப்பில் வந்துவிடும். அடுப்புக்குப் பின்னால் மட்டும் மேடு பள்ளமான வேலைப்பாடு வேண்டாம், ஏனெனில் தாளிப்பில் தெறிக்கும் எண்ணெய் அந்தப் பள்ளங்களில் தங்கிப் பழுப்பேறும். உண்மையில் முதலில் கறை பிடிப்பது டைலில் அல்ல, டைல்களுக்கு நடுவே உள்ள இணைப்பில்தான். வெள்ளை சிமெண்ட் பூசிய இணைப்பு சில மாதங்களில் மஞ்சளாகிவிடும். 1 அடிக்கு 2 அடி போன்ற பெரிய அளவை எடுத்தால் இணைப்புகள் குறையும். அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் உள்ள பகுதிக்கு மட்டுமாவது எபாக்ஸி க்ரௌட் என்னும் பிசின் கலந்த இணைப்புப் பூச்சைப் போடச் சொல்லுங்கள். செலவு கூடும்தான், ஆனால் அடுப்படியில் கூடுதலாகச் செலவழிக்கத் தகுந்த இடம் இதுவே என்பது என் கருத்து.

தரைக்குப் பளபளப்பில்லாத மேட் வகைதான் சரி. வழுக்காத் தன்மையை ஆர்9, ஆர்10 என்று குறித்திருந்தால் (எண் கூடக் கூட வழுக்கல் குறையும்), ஆர்10 எடுத்துக்கொள்ளலாம். அதைவிடச் சொரசொரப்பானது துடைக்கும் துணியைப் பிடித்திழுக்கும், அழுக்கையும் விடாது.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூவேலைத் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல்லை அடுப்படியில் போடலாமா என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். அது சூளையில் சுட்ட டைல் அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சின் அறைகளுக்குள் வண்ணக் கலவையைச் சிறு கரண்டியால் ஊற்றி, அச்சை நடுங்காமல் தூக்கி, அதன்மேல் உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையால் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. மேலே மெருகுப் பூச்சு எதுவும் கிடையாது. ஆகவே புளிப்பு பட்டால் மேற்பரப்பு அரிக்கும். எங்கள் வீட்டில் பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்று சிவப்புக் கல்லின்மேல் ஓர் இரவு கிடந்து, காலையில் வெளிறிய வட்டத்தை விட்டுச் சென்றது. எவ்வளவு தேங்காய் எண்ணெய் தேய்த்தும் அது முழுதாகப் போகவில்லை. அதனால் தொட்டியடியிலும் அடுப்புச் சுவரிலும் இதைத் தவிர்த்து, சாப்பிடும் இடத்திலும் வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டிலும் போடுவது பொருத்தம். அடுப்படித் தரையில் வேண்டுமென்றே ஆசைப்பட்டால், கறை உள்ளே இறங்காமல் காக்கும் சீலர் பூசுங்கள். ஆசிட் கலந்த துப்புரவுத் திரவத்தைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். கல் ஏறக்குறைய முக்கால் அங்குலக் கனம், விட்ரிஃபைடு அதில் பாதிதான் என்பதால், இரண்டும் சந்திக்கும் வாசலில் தரைமட்டம் ஒத்துவர வேண்டும் என்று கொத்தனாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பழைய வீட்டுச் சுவரில் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு இருந்தால், அதன்மேல் நேரடியாக டைல் ஒட்டாது. ஒட்டினாலும் நாளடைவில் பெயர்ந்து விழும். மேடைக்கு மேல் 2 அடி உயரத்துக்கு மட்டும் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி டைல் பதியுங்கள். மேலே உள்ளதைத் தொட வேண்டாம். அந்தப் பூச்சை இன்று செய்விப்பது எளிதல்ல.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு மாதிரி டைலை வீட்டுக்குக் கொண்டுவந்து, எண்ணெயில் குழைத்த மஞ்சளை அதன்மேல் தடவி, மறுநாள் பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவிப் பாருங்கள். கடை விளக்கில் வெண்மையாகத் தெரிந்தது ஜன்னல் வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்பதும் அப்போதே விளங்கிவிடும். இரண்டு டைல்களை முகத்தோடு முகம் வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். தெரிந்தால் வளைவு இருக்கிறது.

அளவுக் கணக்கில் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 8 அடி தரை என்றால் 80 சதுர அடி. வெட்டு விழுவதையும் சேர்த்து 88 சதுர அடி. 2 அடிக்கு 2 அடி டைல் நான்கு கொண்ட பெட்டியில் 16 சதுர அடி வரும், எனவே 6 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் நிறச் சாயலைக் குறிக்கும் ஷேடு எண் ஒன்றேதானா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். விட்ரிஃபைடைச் சிமெண்ட் பாலில் ஒட்டாமல், அதற்குரிய பசையால் ஒட்டச் சொல்லுங்கள். மீதமாகும் டைல்களை, ஷேடு எண் அச்சிட்ட அட்டையோடு சேர்த்துப் பரணில் போட்டு வையுங்கள். குழாய் பழுதாகி ஒரு டைலை உடைக்க நேர்ந்தால், அதே நிறம் கடையில் கிடைக்காது.